எழுத்துக்கு இடம் வகுத்தோர்: தமிழ் விசைப்பலகையின் வரலாறும் திறந்த நிலைப்பொருளும்

எழுத்தின் வரலாற்றை ஆராய்ந்தோர் கல்வெட்டினையும் ஏட்டினையும் அச்சினையும் நோக்கிய அளவிற்கு விசைப்பலகையினை நோக்கினாரல்லர். அது எழுதும் கருவிதானே, அதற்கென ஒரு வரலாறு உண்டோ என்ற எண்ணமே இதற்குக் காரணமாகலாம். ஆயின் இன்று அலுவலகக் கடிதமும் பரீட்சை விண்ணப்பமும் பிறப்புச் சான்றிதழும் விசைப்பலகையின் வழியாகவே எழுத்துருப் பெறுகின்றன. ‘க’ என்னும் எழுத்து எந்த விரலின்கீழ் அமைய வேண்டும் என்று யாரோ ஒருவர் ஒரு காலத்தில் தீர்மானித்தார். அத்தீர்மானத்திற்குக் கட்டுப்பட்டே நாம் எழுதுகின்றோம். அத்தீர்மானத்தை எடுத்தோர் யாவர், எத்தகைய சூழ்நிலையில் எடுத்தனர், இன்று அவ்வுரிமை யார் கைக்கு வந்துள்ளது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பொறியின் காலம்

ஆங்கிலத் தட்டச்சுப் பொறியின் எழுத்தொழுங்கு அமெரிக்கரான கிறிஸ்தோபர் ஷோல்ஸ் என்பவரின் முயற்சியால் உருவாயிற்று. 1874இல் ரெமிங்டன் நிறுவனம் அவரது பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1878ஆம் ஆண்டின் காப்புரிமை ஆவணத்தில் ‘குவெர்ட்டி’ எனப்படும் ஒழுங்கினை நாம் காணலாம். அச்சுக் கோல்கள் ஒன்றோடொன்று சிக்காதிருக்கவே எழுத்துக்கள் இவ்வாறு சிதறி வைக்கப்பட்டன என்பது பரவலான கருத்து. கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யசுவோகா இக்கருத்தை 2011இல் மறுத்து, தந்திச் செய்திகளை எழுத்தாக்கியோரின் தேவையே இவ்வொழுங்கின் படிமுறை மாற்றங்களுக்குக் காரணமென வாதிட்டார். எவ்வாறாயினும், 1936இல் ஓகஸ்ட் டுவொராக் காப்புரிமை பெற்ற மாற்றொழுங்கு அதனை வீழ்த்த இயலவில்லை. பயின்ற விரல்களும் வாங்கிய பொறிகளும் பழைய ஒழுங்கையே காத்து நின்றன. பொருளியலறிஞர் போல் டேவிட் 1985இல் எழுதிய கட்டுரையொன்றில், முதலிற் கால்கொண்ட ஏற்பாடு பின்வரும் காலத்தையும் தன்வழிப் படுத்திவிடும் என்பதற்கு இதனையே எடுத்துக்காட்டாக்கினார். லீபோவிட்சும் மார்கோலிசும் 1990இல் அதனை மறுத்தெழுதினர். இவ்விவாதம் இன்னும் முற்றுப்பெறவில்லை.

தமிழுக்குப் பொறி செய்ய முயன்றோர் எதிர்கொண்ட சிக்கல் வேறு வகையினது. தமிழ் எழுத்துக்கள் 247 எனக் கணக்கிடுகின்றோம். பொறியிலோ ஏறக்குறைய 45 விசைகளே உண்டு. ஒவ்வொன்றிலும் இரு வடிவங்களைப் பொறித்தாலும் 90 அளவிலேயே நின்றுவிடும். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இற் பிறந்து, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று தொழில் புரிந்த இரா. முத்தையா இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டவராகப் போற்றப்படுகிறார். அவர் பயன்படுத்திய உத்தி ‘நகரா விசை’ எனப்படும். அவ்விசையை அழுத்தும்போது குறி தாளிற் பதியும். ஆயின் தாள் நகராது. அடுத்து அடிக்கப்படும் எழுத்து அதே இடத்தில் வந்து குறியோடு பொருந்தும். இவ்வாறு சில குறிகளும் சில எழுத்துக்களும் கூடிப் பல உயிர்மெய்களைத் தோற்றுவித்தன. ஜேர்மனியின் சைடல் - நௌமான் நிறுவனம் அவரது ஒழுங்கிற் பொறிகளைச் செய்தளித்தது.

ஈண்டு இரு விடயங்கள் நோக்கத்தக்கன. முதலாவது, அறிவு ஒரு தமிழருடையதாயினும் உற்பத்திச் சாதனம் அவர் கையில் இருக்கவில்லை. ஓர் எழுத்தின் இடத்தை மாற்ற வேண்டுமெனில் உலோக அச்சைக் கழற்றி வேறு அச்சை ஒட்டவேண்டும். அதற்குத் தொழிற்சாலையின் தயவு வேண்டும். இரண்டாவது, பொறியின் இயல்பு எழுதும் முறையையே மாற்றிற்று. ‘தாமரை’ என எழுதுபவர் ரகரத்திற்கு முன்னர் ஐகாரக் குறியை அடித்தல் வேண்டும். நாவில் ஒலி பிறக்கும் வரிசை வேறு. தாளில் வடிவம் விழும் வரிசை வேறு. தட்டச்சர் இரண்டாவது வரிசைக்கே தம் விரல்களைப் பழக்கினர்.

2. மலையகத்தில் எழுத்தும் பெயரும்

இலங்கையில் இவ்விடயம் தொழில்நுட்பத்தோடு நின்றுவிடவில்லை. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரியணையேற்றியது. 1958இல் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1987இன் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தமே தமிழும் அரசகரும மொழியாகும் என்று கூறியது. ஆயின் சட்டத்தில் இடம்பெற்ற மொழி அலுவலக மேசையில் இடம்பெற வேண்டுமெனில், அம்மேசையிலுள்ள பொறி அம்மொழியில் எழுதவல்லதாயிருத்தல் வேண்டும்.

மலையக மக்களுக்கு எழுத்து எப்போதும் உயிரோடு பிணைந்த விடயமாகவே இருந்துவந்துள்ளது. தோட்டத்தில் பிரட்டுக் களத்திற் கூப்பிடப்படும் பெயர், செக்றோலில் ஆங்கில எழுத்தில் வேறொரு வடிவம் பெற்றது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழும், 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழும் தம்மை நிறுவ முற்பட்டோர் பத்திரங்களையே சான்றாகக் காட்ட வேண்டியவராயினர். தந்தையின் பெயர் ஒரு பத்திரத்தில் ஒருவாறும் மற்றொன்றில் வேறொருவாறும் அமையுமாயின் அது வெறும் எழுத்துப் பிழையாகக் கொள்ளப்படுமோ? 2003இல் எஞ்சியோர்க்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியபோதும் பெயர்களின் எழுத்து வேறுபாடுகள் தாமாக மறைந்துவிடவில்லை. உடப்புசல்லாவைக் கடைத்தெருவின் கொமியூனிகேஷன் ஒன்றில், என் உறவினர் ஒருவரின் பெயரிலுள்ள ளகரம் ஆங்கில ஒலிபெயர்ப்பு முறையில் அடிக்கப்பட்டபோது லகரமாகிப் போனதை நான் கண்டதுண்டு. அதனைத் திருத்தும்பொருட்டு அவர் ஒரு நாட்சம்பளத்தை இழந்து மீண்டும் அலைய நேர்ந்தது. ல, ள, ழ என்பவற்றிற்குத் தனித்தனி விசை உள்ள பலகையில் பயின்றவர் இத்தவறைச் செய்வது அரிது. ஆங்கில ஒலிபெயர்ப்பில் எழுதுபவர், தமிழின் மூன்று ஒலிகளை ஆங்கிலத்தின் ஓரெழுத்திற்குள் அடக்கிவிட்டுப் பின்னர் பிரித்தெடுக்க வேண்டியவராகிறார்.

3. எழுத்துருக்களின் காலமும் அகலம் மாறிய பாதையும்

கணனி பரவத் தொடங்கிய காலத்தில் தமிழுக்கென உலகப் பொதுக் குறியேற்றம் இருக்கவில்லை. எனவே ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து எழுத்துருக்கள் உருவாக்கப்பட்டன. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையேயும் ‘பாமினி’ எழுத்துரு பெருவழக்குப் பெற்றது. அதில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்தையும் அடித்தால் ‘தமிழ்’ என்று திரையில் தோன்றும். கணனியின் நினைவகத்தில் இருப்பனவோ அந்த ஆங்கிலக் குறிகளே. பாமினி இல்லாத கணனியில் அக்கோப்பினைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமே எஞ்சும். வேறு எழுத்துருக்கள் வேறு ஒழுங்குகளைக் கொண்டிருந்தமையால் ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்க மாற்றுக் கருவிகள் தேவைப்பட்டன.

இந்நிலையை விளக்க எமது பிரதேசத்திலேயே ஓர் ஒப்புமை உண்டு. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை 1903-1904இல் திறக்கப்பட்ட உடப்புசல்லாவைப் புகையிரதப் பாதை 2 அடி 6 அங்குல அகலமுடையது. பிரதான பாதையின் அகலமோ 5 அடி 6 அங்குலம். தேயிலைப் பெட்டிகள் நானுஓயாவில் ஒரு வண்டியிலிருந்து இறக்கப்பட்டு மற்றொரு வண்டியில் ஏற்றப்பட வேண்டியிருந்தன. குறுகிய பாதை மலை வளைவுகளுக்குப் பொருத்தமானதே; அதனைக் குறைகூற இயலாது. இரு அகலங்களும் சந்திக்கும் இடத்திலேதான் உழைப்பு வீணாயிற்று. 1940களில் அப்பாதை மூடப்பட்டது. எழுத்துருக்களின் காலத்தில் ஒவ்வொரு தமிழ்க் கோப்பும் தனக்குரிய நானுஓயாவைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது.

4. நியமங்களின் தோற்றம்

1991இல் வெளிவந்த யுனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. எனினும் கணனிகள் அதனை முறையாகக் கையாள மேலும் சில ஆண்டுகள் சென்றன. 1997இல் சிங்கப்பூரில், எழுத்தாளரும் கணனியறிஞருமான நா. கோவிந்தசாமி முதலியோரின் முயற்சியால், தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற மாநாட்டின் விளைவாக ‘தமிழ்99’ விசைப்பலகை உருவாகி, அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டு அரசின் ஏற்பினைப் பெற்றது.

தமிழ்99 இடப்புறத்தில் உயிர்களையும் வலப்புறத்தில் மெய்களையும் அமைத்தது. நடுவரிசையில் அ, இ, உ என்பன இடக்கை விரல்களின்கீழும், க, ப, ம, த, ந என்பன வலக்கை விரல்களின்கீழும் வந்தன. ‘தாமரை’ என எழுத த, ஆ, ம, ர, ஐ என ஒலியின் வரிசையிலேயே அடித்தால் போதும். ககரத்தை இருமுறை அடித்தால் ‘க்க’ எனவும், ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தால் ‘ங்க’ எனவும் புள்ளி தானாகவே வந்து அமையும். தமிழின் எழுத்துப் புணர்ச்சி விதி விசைப்பலகைக்குள் புகுந்த இடம் இதுவெனலாம்.

இலங்கையில் வேறொரு வழி தெரிவு செய்யப்பட்டது. தட்டச்சர்களின் பழக்கத்தைப் பேணும் ரெங்கநாதன் ஒழுங்கினை எஸ்.எல்.எஸ். 1326:2008 என்னும் நியமம் ஏற்றுக்கொண்டது. சிங்களத்திற்கு விஜேசேகர ஒழுங்கு எஸ்.எல்.எஸ். 1134இல் இடம்பெற்றிருந்தது. ஆகவே ஒரே மொழியைப் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் இருவேறு விரற்பழக்கங்களால் எழுதும் நிலை தோன்றியது. ஆயின் இரு கரையினரும் எழுதி முடித்த பின்னர் கணனியிற் சேமிக்கப்படுவது ஒரே யுனிகோட் எழுத்தேயாகும். நானுஓயாவிற் பெட்டி மாற்றும் வேலை இவ்விடத்தில் ஒழிந்தது.

5. விசைப்பலகைக்குள் ஒரு கணனி

இனி இன்றைய வளர்ச்சிக்கு வருவோம். விசைப்பலகை எழுத்தைக் கணனிக்கு அனுப்புகிறது எனப் பலரும் கருதுகின்றனர். அவ்வாறன்று. அது எண்ணையே அனுப்புகிறது. ஆங்கில எச் எழுத்து நிற்கும் விசையை அழுத்தினால், யூ.எஸ்.பி. நியமப்படி 11 என்னும் எண் செல்லும். கணனியில் ஆங்கில ஒழுங்கு இருப்பின் அது எச் ஆகும். தமிழ்99 இருப்பின் ‘க’ ஆகும். பாமினி எழுத்துருவில் துணைக்கால் ஆகும். எண்ணிற்கு எழுத்தென்னும் பொருளைத் தருவது கணனியிலுள்ள மென்பொருளே.

அந்த எண்ணைத் தீர்மானிப்பது பலகையினுள் இருக்கும் ஒரு சிறு சில்லு. அதில் நிலையாகப் பதிக்கப்பட்டு இயங்கும் நிரலே நிலைப்பொருள் எனப்படும். விசைகள் வரிசைகளாகவும் நிரல்களாகவும் பின்னப்பட்டிருக்கும். 5 வரிசையும் 12 நிரலும் இருப்பின் 60 விசைகளை 17 இணைப்புகளால் அறிந்துகொள்ளலாம். நிலைப்பொருள் இவற்றை இடையறாது சோதித்து, எந்தச் சந்தி மூடியுள்ளது எனக் கண்டு, அதற்குரிய எண்ணை அட்டவணையிலிருந்து எடுத்து அனுப்பும்.

கடைகளில் வாங்கும் சாதாரண பலகைகளில் இந்நிரல் மூடுண்டு கிடக்கிறது. இதனைத் திறந்தவர்களுள் யப்பானியரான ஜுன் வாக்கோ குறிப்பிடத்தக்கவர். 2010களின் தொடக்கத்தில் அவர் எழுதிய ரி.எம்.கே. என்னும் நிலைப்பொருளைத் தழுவி, அமெரிக்கரான ஜக் ஹம்பேர்ட் கியூ.எம்.கே. என்பதனைத் தொடங்கினார். பலரின் உழைப்பால் அது இன்று பெருகி வளர்ந்துள்ளது. அதன் பொது அனுமதிப்பத்திரப்படி எவரும் மூலநிரலைப் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறர்க்கு வழங்கலாம். வழங்கும்போது அதன் மூலநிரலையும் உடன் கொடுத்தல் வேண்டும். சைடல் - நௌமான் தொழிற்சாலையில் மட்டும் இயலக்கூடியதாயிருந்த ஒரு காரியம் இவ்வாறு மாணவனின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

செய்முறை கடினமானதன்று. முதலில், இந்நிலைப்பொருளை ஏற்கும் பலகையைத் தெரிதல் வேண்டும். எல்லாப் பலகையும் ஏற்பதில்லை. கியூ.எம்.கே.யின் மூலநிரலைக் கணனியில் இறக்கி, அப்பலகைக்குரிய விசை அட்டவணையைத் திறந்தால், விசைகளின் படம்போலவே அமைந்த ஒரு பட்டியல் தென்படும். அதில் ஓரிடத்திலுள்ள பெயரை மாற்றினால் அவ்விசையின் பணி மாறும். ஒன்றின்மேல் ஒன்றாகப் பல தளங்களையும் அமைக்கலாம். ஒரு விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை இரண்டாம் தளம் இயங்கும். ஒரே விசை தட்டினால் ஒரு பணியும் பிடித்தால் மற்றொரு பணியும் செய்யுமாறும் வகுக்கலாம். தட்டலையும் பிடித்தலையும் பிரிக்கும் எல்லை வழமையாக 200 மில்லி விநாடி. விரல் மெதுவாக இயங்குபவர் அதனைக் கூட்டிக்கொள்ளலாம். பின்னர் அட்டவணையைத் தொகுத்து, பலகையின் மீட்டமைப்புப் பொத்தானை அழுத்தி, புதிய நிரலைச் சில்லிற் பதித்தல் வேண்டும். தவறு நேரின் மீண்டும் அதே வழியிற் பதிக்கலாம். அவ்வேளைக்கென வேறொரு விசைப்பலகையை அருகில் வைத்திருத்தல் நன்று. விசைகள் இடம் மாறிய பலகையால் அட்டவணையைத் திருத்துவது பெரும்பாடாகும்.

6. தமிழுக்கு எவ்வழி?

இங்கு தமிழ் எழுதுவோர்க்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, நிலைப்பொருளே தமிழ் எழுத்தை அனுப்புவது. கியூ.எம்.கே. யுனிகோட் எண்களை அனுப்ப வல்லது. ஆயின் யூ.எஸ்.பி. நியமத்தில் ‘க’ என்பதற்கு எண் இல்லாமையால், அது ஒரு குறுக்கு வழியை நாடுகிறது. லினக்ஸ் கணனியாயின், கொன்ட்ரோல், ஷிப்ட், யூ என்பவற்றை அழுத்தி, சுழியம், பி, 9, 5 என்னும் நான்கு குறிகளையும் ஒருவர் கையால் அடிப்பது போல மிக விரைவாக அனுப்புகிறது. வின்டோசுக்கு வேறு முறை, மக்கின்டோசுக்கு இன்னொரு முறை. எக்கணனிக்கு எம்முறை என்பதை நாமே வகுத்துக் கூறவேண்டும். மேலும், திரையில் முன்னர் நிற்பது எவ்வெழுத்து என்பதையும் அது அறியாது. தமிழ்99இன் புள்ளி விதிக்கு அவ்வறிவு இன்றியமையாதது. முன்னடித்த விசையை நினைவிற் கொள்ள நிரல் எழுதலாம்; ஆயின் எழுதுபவர் சுட்டியால் வேறிடத்திற்குச் சென்றுவிட்டால் அந்நினைவு பிழையாகிவிடும். இத்தகைய பலகைகள் பலவற்றில் உள்ள ஏ.ரி.மெகா 32யூ4 சில்லின் நிரற்கொள்ளளவு 32 கிலோபைட் மட்டுமே என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

மற்றையது, பலகை எண்ணையே அனுப்ப, எழுத்தாக்கும் பணியைக் கணனியிடம் விடுவது. இதற்கும் திறந்த மென்பொருள்கள் உள்ளன. யப்பானிய ஆய்வு நிறுவனமொன்றில் உருவான எம்17என் நூலகத்தில் தமிழ்99, ரெங்கநாதன் ஆகிய இரு ஒழுங்குகளும் இடம்பெற்றுள்ளன. அவுஸ்திரேலியாவில் மார்க் டேர்டின் லாவோ மொழிக்காக 1993இல் தொடங்கிய கீமேன், 2017இல் திறந்த மென்பொருளாயிற்று. தமிழர் பலர் பயன்படுத்திய எ-கலப்பை முன்னர் அதன் துணைகொண்டே இயங்கியது.

எனது கருத்தில் இரண்டாம் வழியே தக்கது. எழுத்தின் இலக்கணம் கணனியில் இருக்கட்டும். கையின் வசதி நிலைப்பொருளில் இருக்கட்டும். எடுத்துக்காட்டாக, தமிழ்99இல் ஜ, ஷ, ஸ, ஹ முதலியவற்றிற்கு ஷிப்ட் விசை வேண்டும். அதனை ஒருமுறை தட்டிவிட்டாலே அடுத்த எழுத்திற்கு மட்டும் செயற்படுமாறு நிலைப்பொருளில் அமைத்தால், ஒரு கையால் எழுதுபவரும் இடரின்றி எழுதலாம். தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் மாறுவதற்குப் பெருவிரலின்கீழ் ஒரு தனி விசை வைக்கலாம். இவை எவற்றாலும் எழுதப்படும் தமிழ் மாறுவதில்லை.

7. உரிமையும் நியமமும்

ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒழுங்கு வகுப்பராயின் பழைய எழுத்துருக் குழப்பம் மீளாதோ என ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. முன்னைய குழப்பம் விசைகளின் வேறுபாட்டால் நேர்ந்ததன்று. சேமிக்கப்பட்ட குறிகளின் வேறுபாட்டால் நேர்ந்தது. பாமினியில் விசையும் குறியும் ஒன்றாய்ப் பிணைந்திருந்தன. யுனிகோட் அவற்றைப் பிரித்துவிட்டது. ஆகவே விசையின் இடம் எழுதுபவரின் உரிமையாக இருக்கலாம். சேமிக்கும் குறியோ அனைவர்க்கும் பொதுவாக இருத்தல் வேண்டும். இவ்வெல்லையைப் பேணும் வரை சுதந்திரம் குழப்பமாக மாறாது.

எனினும் தொழில்நுட்பம் கிடைத்துவிட்டது என்பதனாலேயே உரிமை கிடைத்துவிட்டதாகக் கொள்ளலாகாது. திறந்த நிலைப்பொருளை ஏற்கும் பலகைகள் விலை கூடியவை. அவற்றின் விளக்கக் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தோட்டப் பாடசாலையொன்றின் மாணவிக்கு இன்று அவசியமானது அத்தகைய பலகையன்று. ல, ள, ழ மூன்றும் தனித்தனியாக நிற்கும் ஒரு தமிழ் ஒழுங்கில் விரல் பழகும் வாய்ப்பே அவளுக்குத் தேவை. அதற்கு எக்கணனியிலும் செலவின்றி நிறுவக்கூடிய மென்பொருள் போதுமானது. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் விடுமுறைக் காலத்தில் மலையகப் பாடசாலைகளுக்குச் சென்று தமிழ்த் தட்டச்சுப் பயிற்சியளிப்பதைத் தம் பணிகளுள் ஒன்றாகக் கொள்ளலாம். நிரல் அறிந்த விஞ்ஞான, பொறியியற் பீட மாணவர் கியூ.எம்.கே. போன்றவற்றின் செய்முறைகளைத் தமிழில் எழுதலாம். கலைப்பீடத்தினராகிய நாம், ரெங்கநாதன் ஒழுங்கில் நெடுங்காலம் உழைத்த தட்டச்சர்களின் அனுபவங்களை அவர்கள் வாழுங்காலத்திலேயே கேட்டுப் பதிந்து வைக்கலாம்.

முத்தையா தம் ஒழுங்கை வகுத்தபோது தமிழ் எழுதும் மக்களின் தேவை அவர் முன் நின்றது. கருவி மட்டும் அந்நியரிடம் இருந்தது. இன்று கருவியின் உட்பொருள் நம் முன் திறந்து கிடக்கிறது. அதனைக் கற்று, கொமியூனிகேஷனில் விண்ணப்பம் அடிப்பவரின் கைக்கும் எட்டச் செய்வோமாயின், ஒரு தோட்டத் தொழிலாளியின் பெயர் அவர் சொன்னவாறே பத்திரத்தில் ஏறும்.